மாப்பிள்ளை போட்டுக் கொடுத்த முழுக்காப்பு

ஆரணி,
ஆயுத பூஜை கழிந்து ஐந்தாம் நாள்.

மரியாதைக்குரிய ரஞ்சித்குமார் மாமா அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் சதீஷ் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான், தறிகள் நான்கு, எல்லாம் நலம். கம்ப்யூட்டரைப் பற்றி மட்டும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. விளக்கு எரிகிறது. அதற்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. நீங்களும் சுபலட்சுமி அக்காவும் பிறக்கப்போகிற சின்னவரும் அங்கே சென்னையில் சுகமாக இருக்க அம்மா தினமும் வேண்டிக்கொள்கிறாள். அந்த வேண்டுதலும் இந்தச் சிக்கலில் ஒரு பகுதி. பிறகு சொல்கிறேன்.

கையால் கடிதம் எழுதுவதற்கு மன்னிக்கவும். மெயில் திறக்கவில்லை. என் போனில் நீங்களே போட்டுக் கொடுத்த முழுக்காப்பு என்கிற பாதுகாப்பு சாப்ட்வேர், உங்கள் எண்ணை 'விற்பனை அழைப்பு, தடுக்கப்பட்டது' என்று நிறுத்திவிட்டது. அது உங்கள் கம்பெனி சரக்கு. நீங்கள் அந்தக் கம்பெனியின் ஆள். இதில் யாரை நம்புவது என்று தெரியவில்லை. சரி என்று அம்மாவின் பட்டன் போனிலிருந்து அழைத்தால், உங்கள் போனில் இருக்கும் முழுக்காப்பு அதைப் 'பதிவில் இல்லாத எண்' என்று துண்டிக்கிறது. மாமியார் எண்ணை நீங்கள் பதிந்து வைக்கவில்லை என்பது இப்படித்தான் வீட்டில் தெரிந்தது. அம்மா இதுவரை அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது நல்லதற்கில்லை.

பூங்காவனம் சித்தி இன்று சென்னைக்கு பஸ் ஏறுகிறார். அவர் கையில் இதை உங்கள் ஆபீசுக்குக் கொடுத்தனுப்புகிறேன். அக்காவிடம் காட்ட வேண்டாம். ஏழாம் மாதத்தில் அவளைக் கலங்க வைக்கக் கூடாது. விஷயம் இதுதான்: அவளுடைய வளைகாப்புப் புடவையின் டிசைன் கம்ப்யூட்டருக்குள் பூட்டிக்கிடக்கிறது. வளைகாப்புக்கு இன்னும் பதினெட்டு நாள். நெய்யப் பதினான்கு நாள் வேண்டும். பூட்டைத் திறக்கும் பதில் உங்களுக்கு மட்டுமே தெரியும்.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை சாப்பிட்டபடி நீங்கள் அப்பாவிடம் சொன்னீர்கள். "மாமா, உங்க டிசைன் எல்லாம் தொறந்து கெடக்குது. எவன் வேணா உள்ள பூந்து எடுத்துகினு போயிடுவான்." அப்பா பயந்தார். நம் ஊரில் அது நியாயமான பயம். திங்கட்கிழமை ஒரு தெருவில் தறி ஏறும் பார்டர், வியாழக்கிழமை அடுத்த தெருவில் ஓடுகிறது.

ஆனாலும் அப்பா கேட்டார். "நாம டிசைன் போடறமே பட்டுக்கோலம், அந்த சாப்ட்வேர் ஆரு பண்ணது மாப்ள?"

"நாங்கதான் மாமா."

"அதுல ஓட்ட இருக்குதுன்னு சொல்றது?"

"அதுவும் நாங்கதான். எங்க சாப்ட்வேர எங்களவிட யாருக்கு நல்லாத் தெரியும்?"

"தெரிஞ்சா அதுலயே அடைச்சிக் குடுக்கறதுதான?"

"அது வேற டிபார்ட்மெண்ட் மாமா."

அப்பா உங்கள் இலையில் இன்னொரு கொழுக்கட்டை வைத்தார். மாப்பிள்ளை. வேறு என்ன செய்வார். நீங்கள் முழுக்காப்பைக் கம்ப்யூட்டரில் போட்டுவிட்டு, செய்யாரில் உங்கள் வீட்டுக்குக் கிளம்பிப் போன பிறகு என்னிடம் சொன்னார். "நான் ஒருத்தனுக்குப் பொடவ விக்கிறேன். அடுத்த வாரம் போயி, அந்தப் பொடவ நூலு விடும், விடாம இருக்க என்கிட்டயே இன்னொரு துணி வாங்கி மேல சுத்திக்கோன்றேன். அவன் இன்னா பண்ணுவான்? கும்பிடுவானா?"

நானும் யோசித்தேன். துளையை வைத்தவரும் அடைப்பவரும் ஒருவரே என்றால் அந்தத் துளைக்குப் பெயர் தவறா, சரக்கா. பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் தத்துவம் படித்தேன். இதற்கு உதவவில்லை.

முழுக்காப்பு வேலை செய்யவில்லை என்று சொல்லவில்லை. வாரம் ஓர் அறிக்கை வந்தது. 'இந்த வாரம் 214 ஆபத்துகள் தடுக்கப்பட்டன, வாழ்த்துகள்.' அப்பா அதைத் தறிக்காரர்கள் எல்லோருக்கும் காட்டினார். சந்தேகம் இருந்தாலும் பெருமை பெருமைதான். நான் அந்தப் பட்டியலைத் திறந்து படித்தேன். இருநூற்றுப் பத்து முறை தடுக்கப்பட்டது பட்டுக்கோலம். உங்கள் கம்பெனியுடையது. மீதி நான்கு முறை அப்பா. முகம் பார்த்துத் திறக்கிற பூட்டு அது, இவர் கண்ணாடி போடாமல் கேமரா முன் நின்றிருக்கிறார்.

வெளியார் ஒருவரும் இல்லை.

இப்போது ஆயுத பூஜைக்கு வருகிறேன். அக்காவின் புடவையை விஜயதசமி காலையில் தறியில் தொடங்குவதாக முடிவு செய்திருந்தோம். சதுர்த்திக்கு முன்பே நாற்பது நாள் உட்கார்ந்து, கட்டம் கட்டமாக நான் போட்ட டிசைன். தறியில் பாவு நூல் ஏற்றியாகிவிட்டது. தங்கவேலு அண்ணன் நெய்வதாகப் பேச்சு. பென் டிரைவில் ஒரு நகலும் வைத்திருந்தேன். அதையும் முழுக்காப்பு, பாதுகாப்புக்காக, தன் பூட்டுக்குள் எடுத்துக்கொண்டது.

பூஜையன்று அம்மா எல்லாவற்றையும் துடைத்துக் கழுவினாள். கம்ப்யூட்டரை அணைக்கச் சொன்னாள். தறிக்குப் பொட்டு. ஊடை நூல் ஓட்டும் நாடாவுக்குப் பொட்டு. கத்தரிக்குப் பொட்டு. கம்ப்யூட்டரின் முன் வந்து நின்று கொஞ்சம் யோசித்தாள். "இதுக்குக் கண்ணு எது?" என்று கேட்டாள். நான் கேமராவைக் காட்டினேன். குற்றம் என்று ஒன்று உண்டென்றால் அது அங்கே நடந்தது. சந்தனத்தைக் குழைத்து, கட்டைவிரல் அகலத்துக்கு, கேமராவின் மேலேயே வைத்து நடுவில் குங்குமம் இட்டாள்.

விஜயதசமி காலை. பத்தி ஏற்றிக் கம்ப்யூட்டரைப் போட்டோம். திரையில் சிவப்பாக வந்தது: 'கேமரா மறைக்கப்பட்டுள்ளது. இது திருட்டு முயற்சியாக இருக்கலாம். எல்லாக் கோப்புகளும் பூட்டப்பட்டன. நிம்மதியாக இருங்கள்.'

துடைத்தால் முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். பூஜையில் வைத்த பொட்டு தானாக உதிர வேண்டும், நாமாக அழிக்கக் கூடாது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். மற்ற வருடமாக இருந்தால் அம்மாவிடம் வாதாடியிருப்பேன். இந்த வருடம் அவள் ஒரே வாக்கியம் சொன்னாள். "மாசமா இருக்கற பொண்ணுக்கு வேண்டிகினு வெச்ச குங்குமத்த, எவன் அழிக்கறான்னு பாக்கறேன்."

அவள் கோயிலுக்குப் போன நேரம் ஈரத்துணியோடு போனேன். நம்பிக்கை இல்லாதவன் நான். உங்களுக்குத் தெரியும். கை நீண்டது. பாதியில் நின்றது. அக்காவுக்குப் போன தடவை நாலாம் மாதம் கலைந்தது நினைவுக்கு வந்தது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. முழுக்க முழுக்க இல்லை. துணியை மடித்துக் கொடியில் போட்டுவிட்டு வந்தேன்.

பிறகு உங்கள் கம்பெனியின் உதவி எண்ணுக்குப் பேசினேன். அந்த எண்ணை மட்டும் முழுக்காப்பு தடுப்பதில்லை. கனிமொழி என்று ஒரு பெண். மரியாதையாகப் பேசினார்.

"சார், கேமரா மேல ஏதாவது மறைப்பு இருக்குதுங்களா?"

"பொட்டு இருக்குதுங்க."

"அதைத் துடைச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்க சார்."

ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். என் தவறு. அம்மா வந்து போனை வாங்கிக்கொண்டாள். "ஏம்மா, உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" என்று ஆரம்பித்து, ஊர் வந்தவாசிப் பக்கம் என்பதையும், போன மாதம்தான் நிச்சயம் ஆனது என்பதையும், புடவை இன்னும் எடுக்கவில்லை என்பதையும் தெரிந்துகொண்டு, நம் வீட்டுக்கு வரச் சொல்லி விலாசமும் கொடுத்து, கடைசியில் "நீயே சொல்லு, அழிக்கலாமா?" என்று கேட்டாள். அந்தப் பெண், "வேணாங்கம்மா, அப்பிடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டது. பத்து நிமிடத்தில் எனக்கு மெசேஜ். 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது.'

அடுத்த வழி ராஜேஷ். பஜாரில் ஸ்டுடியோ வைத்திருப்பவன், என்னோடு படித்தவன். வெளியிலிருந்து மாட்டும் கேமரா ஒன்று கொண்டுவந்தான். முழுக்காப்பு முதலில் அவனை ஓர் ஆபத்து என்றது. பிறகு எப்படியோ ஒத்துக்கொண்டு, 'உரிமையாளர் முகத்தைக் காட்டவும்' என்றது. உரிமையாளர் என்று நீங்கள் பதிந்தது அப்பாவின் முகம். அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானெல்லாம் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

'இவர் உரிமையாளர் அல்ல.'

பூஜைக்கு இரண்டு நாள் முன்புதான் அவர் திருப்பதி போய் மொட்டை போட்டு வந்திருந்தார். மீசையும் எடுத்தாயிற்று. அது உங்களுக்குத் தெரியாது. உங்கள் கம்பெனிக்கும் தெரியாது.

"அப்ப நான் ஆரு?" என்றார் அப்பா. என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. திரையைப் பார்த்துக் கேட்டார். நான் படித்த புத்தகங்களில் இந்தக் கேள்வியைப் பலர் கேட்டிருக்கிறார்கள். யாரும் இவ்வளவு கோபமாகக் கேட்கவில்லை.

கடைசி வழி. ரகசியக் கேள்விக்குப் பதில் சொன்னால் திறக்குமாம். கேள்வி: 'உங்கள் முதல் செல்லப் பிராணியின் பெயர் என்ன?' நம் வீட்டில் நாய் இல்லை. பூனை இல்லை. தறிக்குழியில் எலி வருவதுண்டு, அதற்குப் பெயர் வைத்ததில்லை. பதிலை நிரப்பியது நீங்கள். அப்படியானால் அது அப்பாவின் பிராணியா, உங்கள் பிராணியா. செய்யாரில் உங்கள் வீட்டில் ஒரு நாய் இருந்ததாக அம்மாவுக்கு ஞாபகம். டாமி என்று போட்டோம். தவறு. மணி என்று போட்டோம். தவறு. மூன்று வாய்ப்புதான். ஒன்று மிச்சம். அதுவும் போனால் முப்பது நாள் திறக்காது.

அப்பா சொன்னார். "என் பேரப் போட்டுப் பாரு. பொண்ணக் கட்னப்ப வண்டி வாங்கித் தரலன்னு மாப்ளைக்கு ஒரு வருத்தம் உண்டு."

நான் போடவில்லை.

தங்கவேலு அண்ணன் தினமும் காலையில் வருகிறார். "இன்னா தம்பி, இன்னும் அந்தப் பொட்டி மனசு வைக்கலியா? பாவு சும்மாக் கெடக்குது, பேஜாரா இருக்குது." கேமராவின் பொட்டைப் பார்க்கிறார். கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்.

எனவே மாமா, கடிதம் கண்டதும் அந்தப் பிராணியின் பெயரை எழுத்துப் பிசகாமல் எழுதி சித்தியிடமே கொடுத்தனுப்பவும். முடிந்தால் நீங்களே ஜல்தி புறப்பட்டு வரவும். வரும்போது இந்த முழுக்காப்பை வேரோடு எடுப்பதற்கு என்ன வேண்டுமோ அதைக் கொண்டுவரவும். உங்கள் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. திருட்டு, திருடன் என்பதெல்லாம் உங்கள் கம்பெனி எங்களுக்குக் காட்டிய பயம் என்று அப்பா உறுதியாக நம்புகிறார். எனக்கு எதிலும் உறுதியில்லை.

அக்காவை மாடிப்படி ஏற விடாதீர்கள். மாதுளம்பழம் வாங்கிக் கொடுங்கள். வயதில் சிறியவன் நான், ஆசி சொல்லக் கூடாது. அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மாப்ள நல்லா இருக்கட்டும். என் நம்பரையும் போன்ல ஏத்தட்டும்."

இப்படிக்கு,
பணிவுள்ள மைத்துனன்
சதீஷ்

பின்குறிப்பு: சித்தியின் பஸ் தாமதம். அதற்குள் நிலைமை மாறிவிட்டது. மேலே எழுதியதைப் பொருட்படுத்த வேண்டாம்.

தங்கவேலு அண்ணன் ஓடிவந்து, அக்காவின் டிசைன் அடுத்த தெருவில் தறியில் ஓடுகிறது என்றார். அப்பாவும் நானும் போனோம். அங்கே டிசைன் போட்டு விற்கும் குப்புராஜ் அண்ணன் வீடு. அவர் மறைக்கவே இல்லை, அப்பாவிடம் நேராகவே சொன்னார். "உங்க மாப்ள ஸ்டேட்டஸ்ல போட்டாரே ஜெகநாதண்ணே. எனக்கும் அந்தப் பூட்ட விக்க வந்து நம்பர் குடுத்தாரு. 'மாமனார் வீட்டில் முழுக்காப்பு நிறுவினோம்'னு ஒரு போட்டோ. பின்னாடி திரையில டிசைனு. பெருசு பண்ணிப் பாத்தேன், கட்டம் கட்டமாத் தெரிஞ்சுது." நான் இரண்டு கிளிகளை வெவ்வேறு திசை பார்க்க வரைந்திருந்தேன். அது என் யோசனை. "தப்பா வந்திருக்குதுன்னு ஒண்ணத் திருப்பி உட்டேன்" என்றார். இப்போது அவை ஒன்றையொன்று பார்க்கின்றன. நன்றாகத்தான் இருக்கிறது.

பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். தங்கவேலு அண்ணன் இரண்டு விரல் அகலம் நெய்துவிட்டார். புடவை நாளுக்கு வந்துவிடும்.

அப்பா முழுதாக மாறிவிட்டார். "பாத்தியா, திருடன் இருக்கான். மாப்ள சொன்னது சரிதான்" என்கிறார். முழுக்காப்பை எடுக்க வேண்டாமாம், இன்னும் இரண்டு வருடத்துக்கு நீட்டிக்க வேண்டுமாம். நம் டிசைன் திறந்த நிலையில் இருப்பது இப்போது குப்புராஜ் அண்ணன் கம்ப்யூட்டரிலும் அவர் கொடுத்த பென் டிரைவிலும் மட்டும்தான் என்பதால், நீங்கள் உடனே வந்து அவருக்கும் ஒன்று போட்டுக் கொடுக்க வேண்டுமாம்.

மாமா, புடவை தறியிலிருந்து இறங்கும் வரை தயவுசெய்து ஆரணிப் பக்கம் வராதீர்கள்.