பெயிண்ட் அண்ணாச்சியின் கன்னம்

உலகத்தில் தன் முகத்தின் நிறத்தைப் பெயிண்ட் நம்பராகச் சொல்லித் திரிந்த ஒரே மனிதர் எங்கள் சாலைக் கடைத்தெருப் பெயிண்ட் அண்ணாச்சிதான்.

எதிர்த்த துணிக்கடையில் எனக்கு வேலை. வாயில் சிகரெட் இல்லாமல் அண்ணாச்சியை நான் பார்த்ததில்லை. காலையில் கிழித்த தீக்குச்சி ஒன்றே ராத்திரி கடை அடைக்கும்வரை போதும். ஒருநாள் நெஞ்சுவலி வந்தது. "இனி ஒண்ணு பிடிச்சாலும் நான் பொறுப்பில்லை" என்று டாக்டர் கைவிரித்த பிறகே விட்டார். விட்டால் தோலும் தெளியும் என்று டாக்டர் போகிற போக்கில் சொல்லித் தொலைத்ததுதான் வினை.

"நெஞ்சுக்குள்ள போய் யாருவே பாக்கது? மூஞ்சின்னா பாக்கலாம்லா" என்றார் அண்ணாச்சி.

அன்று முதல் தினமும் காலை பத்து மணிக்குக் கடைவாசலில் நின்று, பெயிண்ட் நிறங்களை நம்பர் போட்டு அச்சடித்த ஷேட் கார்டைக் கன்னத்தில் வைத்துக்கொள்வார். முதல் நாள், சாம்பல் நாற்பத்தொன்று. மூன்றாம் வாரம், களிமண் இருபது. இரண்டே மாதத்தில் தேக்கு பன்னிரண்டு. உண்மையாகவே உதட்டில் ஏறியிருந்த கரி மங்கி, அவருடைய பழைய மாநிறம் பளபளவென்று திரும்பியிருந்தது. அவர் முகத்துக்குத் தீர்ப்புச் சொல்லாமல் யாரும் சாமான் வாங்க முடியாது.

"அண்ணாச்சி, எனிக்கு ஒரு ப்ரஷ் மதி" என்று ஒரே ஒரு ப்ரஷ் போதுமென்று மலையாளத்தில் கெஞ்சினார் ஒருவர்.

"ஆத்யம் முகம் நோக்கு" என்று, முதலில் முகத்தைப் பார்க்கச் சொல்லிக் கன்னத்தை நீட்டினார் அண்ணாச்சி.

மழைக்காலம் பிறந்தது. ஒரு காலையில் கைதட்டிக் கூப்பிட்டார். போனால், மனிதர் இடிந்து போய் நிற்கிறார்.

"திரும்பச் சாம்பல் நாற்பத்தொன்னுவே. இம்புட்டு நாள் வாயக் கட்டினது தண்டம்."

கையில் புது சிகரெட் பாக்கெட். ஒன்றை உருவி உதட்டிலும் வைத்துவிட்டார். தீப்பெட்டியைத் தேடினார். தற்செயலாகக் குனிந்தேன். என் வெள்ளைச் சட்டை நீலமாக இருந்தது. அண்ணாந்து பார்த்தேன். மழைக்காக முந்தின நாள்தான் வாசலில் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தார்.

"அண்ணாச்சி, ஷேட் எங்க நின்னு பாக்கணும்?"

"கடைக்குள்ள நின்னு பாக்கப்பிடாது, தெருவுல வச்சு..."

முப்பது வருஷமாக வாடிக்கையாளர்களைத் திட்டிய அதே திட்டு. பாதியில் நிறுத்தியவர், கொட்டும் மழையில் தெருவுக்கு ஓடினார். உதட்டிலிருந்த சிகரெட் ஊறிக் கூழாகி விழுந்தது. கார்டைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "சத்தியமாச் சொல்லும்வே, என்ன நம்பரு?" என்றார்.

"தேக்கு பன்னிரண்டு, அண்ணாச்சி. மேல வார்னிஷும் அடிச்சிருக்கு."

உண்மையில் அந்த மழையில் எனக்குக் கார்டும் தெரியவில்லை, கன்னமும் தெரியவில்லை. அவர் இல்லாத எதிர்வாசலைப் பார்த்துக்கொண்டு என்னால் துணி கிழிக்க முடியாது. அதனால் சொன்னேன்.