அப்பளம் வைத்து ஈரம் பார்த்தவர்

ஜேர்மனியில் ஈரத்தோடு தனியாளாகச் சண்டைக்குப் போன ஒரே தமிழர் எங்கள் ஈரத்தார்தான். தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று கேட்காதீர்கள். ஒரே வீட்டில் இருந்த எங்களுக்கே அது மறந்துபோயிற்று.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இன்று ஹம்பேர்க்கில் சொந்த வீடு. அதன் அத்திவாரத்தில் ஒரு பொட்டு ஈரம் காட்டுங்கள் பார்ப்போம். ஆனால் எண்பதுகளின் நடுவில் அகதியாக வந்தபோது, நகரத்துக்கு வெளியே ஒரு பழைய பலகைத்தரை வீட்டில் எங்களை வைத்திருந்தார்கள். தரைக்குக் கீழே ஓர் இடைவெளி. ஆள் நிமிர முடியாது. உடும்புபோல வயிற்றால் ஊர வேண்டும்.

ஒரு வசந்த காலத்தில், வீட்டைப் பராமரிக்கும் ஹவுஸ்மைஸ்டர் அதற்குள் டோர்ச் அடித்துப் பார்த்தார். தரையைத் தாங்கும் மரமெல்லாம் பூஞ்சணம். கோடை முடியுமுன் காயாவிட்டால் வீட்டைப் பூட்டி, உங்களை ஆளுக்கொரு ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்றார். அதைத் தமிழில் சொன்னது நான்தான். அந்த வீட்டில் என்னைவிட டொச் மொழி தெரிந்தவன் இல்லை.

அன்றே ஈரத்தார் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினார். கால் விறைக்கிறதென்று நாங்கள் பழந்துணி அடைத்து வைத்திருந்த காற்றுத் துவாரங்களை முதலில் திறந்தார்.

“அண்ணை, குளிருது!”

“சப்பாத்தைப் போடு. வீடு மூச்சு விடட்டும்.”

கூரையின் மழைத்தண்ணீர் ஓடும் பீலி உடைந்து சுவரடியில் ஊற்றியது. தகரத்தை வளைத்து அந்தத் தண்ணீரை வேலிக்கு அப்பால் அனுப்பினார். அப்படியும் காயவில்லை.

பிறகு அப்பளத்தில் கைவைத்தார். லண்டனிலிருந்து வந்த, நாங்கள் பொத்திப் பொத்தி வைத்திருந்த அப்பளம்! பொரித்து, தரைக்குக் கீழே மூலைக்கு மூலை வைத்தார். சோறு வெந்ததும் ஊர்ந்துபோய் ஒவ்வொன்றாகக் கடித்துப் பார்த்தார். நாங்கள் மேலே பலகையில் காதை வைத்துக் கேட்டோம். நொறுக். நொறுக். பிறகு சத்தமில்லை.

“குளியலறைக்குக் கீழை ஈரச்சீலை மாதிரிக் கிடக்கு! டேய், எப்பிடியடா குளிக்கிறியள்?”

எப்படிக் குளிப்பது? ஊரில் கிணற்றடியில் குளித்தமாதிரித்தான். தொட்டியில் தண்ணீரை நிரப்பி, வெளியே நின்று, வாளியால் அள்ளித் தலையில் ஊற்றுவோம். அந்தத் தரையில் தண்ணீர் ஓட வழியில்லை. அவ்வளவும் பலகை இடுக்கால் கீழே இறங்கியிருக்கிறது.

அதன்பின் குளியலறை வாசலில் கதிரை போட்டு ஈரத்தார் காவல்.

“தொட்டிக்கு உள்ளை நிக்கிறியோ, வெளியிலை நிக்கிறியோ?”

“உள்ளைதான் அண்ணை!”

“சத்தம் வெளியிலையிருந்தெல்லோ வருது!”

“அப்ப கதவைத் திறந்து பாருங்கோவன்!”

“உன்னை ஆர் பாக்கிறது? அப்பளம் சொல்லும்.”

கோடை முடிவில் ஹவுஸ்மைஸ்டர் வந்தார். ஈரத்தார் அவரையும் கீழே இழுத்துக்கொண்டு போனார். நாங்கள் மறுபடி பலகையில் காதை வைத்தோம். குளியலறைக்கு நேர் கீழே, நொறுக் என்று இரண்டு சத்தம்.

மேலே வந்த ஹவுஸ்மைஸ்டர் வாயைத் துடைத்துக்கொண்டு, மரம் காய்ந்துவிட்டது, எல்லாரும் இங்கேயே இருக்கலாம் என்றார். இன்னொரு அப்பளம் கிடைக்குமா என்றும் கேட்டார்.

நாங்கள் ஈரத்தாரைத் தோளில் தூக்கப் போனோம். தட்டிவிட்டார்.

“விடுங்கோடா! உங்களுக்காகவோ செய்தனான்? நீங்கள் ஊருக்கொருத்தராப் போனா நான் ஆரை ஏசுறது?”

பிறகு எத்தனையோ பெரிய மனிதர்கள் என்னைப் புகழ்ந்து பேசியிருக்கிறார்கள். அந்த ஏச்சில் இருந்த இதம் ஒன்றிலும் இருக்கவில்லை.