ஆதாரம் கேட்டவர்

எதிரியை ‘நீங்க’ போட்டே கிழித்த வீரர் தமிழ்நாட்டில் ஒருவர்தான். அவர் எங்கள் ஆதாரம் அண்ணன். ஃபேஸ்புக்கில் யாராவது அவருடைய கட்சியைக் குறை சொல்லிவிட்டால் போதும். “ஏனுங்க, உங்களுக்குக் கொஞ்சமாவது மூளை இருக்குதுங்களா? ஆதாரம் எங்கீங்க?” என்று பாய்ந்துவிடுவார். திட்டு வாங்கியவர், திருப்பித் திட்டுவதா நன்றி சொல்வதா என்று குழம்பிப்போவார்.

குமாரபாளையத்தில் ஜவுளி பேல்களை வெளியூருக்கு அனுப்பும் லாரி புக்கிங் ஆபீஸில் நானும் அவரும் அடுத்தடுத்த மேசை. பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயரை மேனேஜரே மறந்துவிட்டார். மதுரைக்குப் போகவேண்டிய பேல் மங்களூருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்; இவர் முகம் தெரியாத யாரையோ மடக்கிக்கொண்டிருப்பார். ஒருமுறை சலூனில் பாதித் தலை முடிந்த நேரத்தில் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. கழுத்தில் கட்டிய துணியோடு ஆபீஸுக்கு ஓடிவந்து சார்ஜரைச் சொருகி, பதில் எழுதிவிட்டுத்தான் மறுபாதித் தலையை வெட்டிக்கொள்ளப் போனார்.

“ஜெயிச்சுட்டேன் தம்பி.”

“யாரைங்கண்ணா?”

“அதெல்லாந் தெரியாது. பிளாக் பண்ணீட்டு ஓடீட்டான்.”

அவர் ஜெயித்த சண்டைகளில் ஒன்று குழிச் சண்டை.

ஆபீஸுக்கு வரும் வழியில் குழாய் பதிக்கத் தோண்டிய குழியை மூடாமலே விட்டிருந்தார்கள். ஓர் ஆட்டோக்காரர் அதைப் படம் எடுத்து ஊர் குரூப்பில் போட்டு, யாராவது விழுந்து சாவதற்குள் மூடச் சொல்லுங்கள் என்று எழுதினார். நகராட்சி அப்போது அண்ணனுடைய கட்சியின் கையில். வந்ததே கோபம்! “இது நம்மூருக் குழியே இல்லீங்க. எங்கயோ எடுத்த பழைய போட்டோ. ஆதாரம் எங்கீங்க?” என்றார். கட்சிக்காரர்கள் கூட்டமாக வந்து ஆட்டோக்காரரின் பிறப்புவரை விசாரித்தார்கள். அவர் படத்தை நீக்கிவிட்டுப் போய்விட்டார்.

“ஏங்கண்ணா, காலைல அந்தக் குழியைச் சுத்தித்தான வண்டியை ஓட்டீட்டு வந்தீங்க?” என்றேன்.

“தெரியுந் தம்பி. அதுக்காக நம்மளே எதிர்க்கட்சி கையில ஆயுதத்தை எடுத்துக் குடுக்க முடியுமா?”

அடுத்த மழையில் குழி நிரம்பிச் சாலையோடு சாலையாகிவிட்டது. அதில் மொபெட்டோடு விழுந்தவர் அண்ணனின் தங்கை கணவர். தறிப்பட்டறையில் வேலை முடிந்து, பிள்ளைகளுக்குப் பரோட்டா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை.

இழவு வீட்டுக்குக் கட்சிக்காரர்கள் இருவர் வந்தார்கள். மாலை போட்ட கையோடு அண்ணனை ஓரமாக அழைத்தார்கள். “மாப்பிள்ளை கொஞ்சம் தண்ணி போட்டிருந்தாருன்னு ஒரு பதிவு போட்டுருங்க. நீங்க சொன்னா எடுபடும்.” அதற்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் இறந்தவர் படத்தைப் போஸ்டராக்கிப் பரப்பிவிட்டிருந்தார்கள். பெயர் மட்டும் வேறு யாருடையதோ.

பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் எழுதினார்: “அது நம்மூருக் குழிதானுங்க. தெனமும் அதைப் பார்த்துட்டுத்தான் வேலைக்குப் போனேன். தெரிஞ்சே பொய் சொன்னேன். மாப்பிள்ளை குடிக்கறவர் இல்லீங்க.”

முதல் பதில் அவர் கட்சிக்காரரே போட்டது: “எவ்வளவு வாங்கினே?” அடுத்தது: “குடிக்கலைங்கறதுக்கு ஆதாரம்?” எதிர்த்தரப்பு சிரிக்கும் பொம்மைகளோடு ஊரெல்லாம் பகிர்ந்தது. செத்தவருக்காக ஒரு சொல் வருத்தம் இருக்கிறதா என்று இரண்டு பக்கமும் தேடினேன். கிடைக்கவில்லை.

பழைய குழிச் சண்டையை யாரோ தங்கையின் போனுக்கும் அனுப்பியிருந்தார்கள். காரியம் முடிந்த அன்று, சொந்தக்காரர்கள் முன்னால் தங்கை கேட்டார்: “ஏண்ணா, உனக்குத் தெரியுந்தான? ஊட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவரு அந்தப் பக்கமே வந்திருக்க மாட்டாருல்ல?”

தங்கை அண்ணனிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

அன்றைக்கே அண்ணன் ஃபேஸ்புக் கணக்குகளையெல்லாம் அழித்துவிட்டு ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனார். நானும் கூடப் போனேன். “நான் சொன்னது பொய்யுங்க, மன்னிச்சுருங்க” என்று அத்தனை டிரைவர்கள் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டார்.

“என்னத்த மன்னிக்கறதுங்க?” என்றார் ஆட்டோக்காரர். “நாலு பேரு திட்டறாங்கன்னு படத்தை அழிச்சவன் நாந்தானுங்களே.”

இருவரும் சேர்ந்து முள்ளை வெட்டிவந்து குழியைச் சுற்றிப் போட்டுச் சிவப்புத் துணி கட்டினார்கள். பிறகு நகராட்சியே வந்து மூடியது. யார் குரல் கொடுத்ததால் மூடினார்கள் என்று குரூப்பில் இரண்டு கட்சியும் இன்னமும் அடித்துக்கொள்கின்றன.

அண்ணன் தினமும் காலையில் தங்கை வீட்டு வாசலில் வண்டியை நிறுத்துகிறார். தங்கை பேசாமல் பிள்ளைகளை அனுப்புவார். இவரும் பேசாமல் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு ஆபீஸுக்கு வந்துவிடுவார். இப்போது மதுரை பேல் மதுரைக்கே போகிறது. மேனேஜருக்குச் சந்தோஷம்.

அவர் ‘ஆதாரம் எங்கீங்க?’ என்று கேட்காதது எனக்குத்தான் பொறுக்கவில்லை. டீ வரும் நேரமாகப் பார்த்து, அவருடைய பழைய கட்சியைப் பற்றி வாயில் வந்த புளுகையெல்லாம் அவிழ்த்துவிடுகிறேன். அவர் நிமிர்ந்து பார்த்து, “இருக்கும் தம்பி” என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறார். நானும் விடுவதாக இல்லை. நாளைக்கு இன்னும் பெரிய புளுகாகச் சொல்லிப் பார்க்க வேண்டும்.