பச்சைக் கம்பி

சுடரகம் என்றொரு நாடு. அங்கே தேர்தலில் ஜெயிப்பவர்தான் அரசர். அப்படி ஜெயித்த பராக்கிரம வழுதி, இனி வண்டிகள் எல்லாம் பேட்டரியில்தான் ஓட வேண்டும் என்று ஆணையிட்டார். நல்ல ஆணைதான், குறை சொல்ல மாட்டேன். தெருவுக்குத் தெரு சார்ஜ் கம்பம் நட்டார்கள். கம்பத்துக்குக் கம்பம் ஒட்டிய படத்தில் அரசர் கும்பிட்டபடி சிரித்தார்.

திறப்பு விழாவுக்கு முன் மின்துறை அமைச்சர் ஏகாம்பரநாதர் ஒரு கம்பத்தின் மூடியைத் திறக்கச் சொன்னார். உள்ளே பச்சைக் கம்பி ஒன்று இருந்தது. பச்சை, எதிர்க்கட்சிக் கொடியின் நிறம்.

"இது எங்கய்யா போகுது?"

"மண்ணுக்குள்ளங்க. எர்த்து. கரண்டு கசிஞ்சா ஆளு மேல பாயாம மண்ணுல இறங்கிரும்" என்றார் பொறியாளர்.

"அரசர் குடுக்குற கரண்டை எதிர்க்கட்சிக் கம்பி மண்ணுக்குள்ள பதுக்குது. நீங்க வேடிக்கை பாக்குறீங்க. வெட்டுங்க."

வெட்டினார்கள். பொறியாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது.

பூரணி ஆட்டோ ஓட்டிப் பிழைப்பவள். சார்ஜ் போடும்போதெல்லாம் கை சுண்டி இழுத்தது. கணவன் அங்கப்பனோடு அமைச்சரிடம் போய் நின்றாள்.

"ஐயா, தொட்டா ஷாக் அடிக்குதுங்க. மழைக்காலம் வேற வருது."

"அது ஷாக் இல்லம்மா. அரசர் மேல இருக்கற பாசம். அப்படித்தான் சிலிர்க்கும். ஆமா, செருப்போடயா நின்னே?"

"ஆமாங்க."

"அரசர் படத்துக்கு முன்னாலயா?"

மறுநாளே ஆணை வந்தது. கம்பத்தை நெருங்குவோர் செருப்பைக் கழற்ற வேண்டும், மீறினால் வண்டி பறிமுதல். வண்டி போனால் வீட்டில் அடுப்பு எரியாது. பூரணி கழற்றினாள். முதல் மழையன்று, தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நின்று பிளக்கைச் செருகியவள் அங்கேயே விழுந்தாள். மாரடைப்பு என்றது அரசாங்கம். பாவிகள், அவளுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை.

நாடு கொதித்தது. எதிர்க்கட்சித் தலைவர் பூரணியின் படத்தைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக அழுதார். பச்சைக் கம்பியை மீட்டே தீருவேன் என்றார். ஜனங்கள் ஓட்டை அள்ளிப் போட்டார்கள். அங்கப்பனும் அவருக்குத்தான் போட்டான். அவர் அரசரானார்.

சொன்னபடியே கம்பங்களைப் புதுப்பித்தார். விழாவுக்கு அங்கப்பனை அழைத்து, முன்வரிசையில் உட்காரவைத்து மாலை போட்டார்கள். மூடியைத் திறந்தார்கள். உள்ளே மூன்று கம்பிகள். மூன்றும் பச்சை.

கைதட்டல் அடங்கியதும் அங்கப்பன் எழுந்தான்.

"ஐயா, இதுல மண்ணுக்குப் போறது எதுங்க?"

புதிய அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவன் தோளில் கைபோட்டார்.

"இனிமே அந்தப் பாகுபாடெல்லாம் கிடையாதுப்பா. எல்லாமே நம்ம கம்பி."

முதல் வண்டிக்கு அங்கப்பன்தான் சார்ஜ் போடுவான் என்று மைக்கில் அறிவித்தார்கள். அரசரே பிளக்கை எடுத்து அவன் கையில் கொடுத்தார். தூறத் தொடங்கியிருந்தது.