மறைந்தவர்களுக்கு ரூம் போட்ட கதை

கம்ப்யூட்டர் "முடியாது" என்றால் மனிதன் பேசாமல் கேட்டுக்கொள்ள வேண்டும். நான் கேட்கவில்லை. (படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்தவன். ஜாவா என்கிற நிரல்மொழி முழுவதும் தெரியும் என்ற நினைப்பு மட்டும் குறைவில்லாமல் இருந்தது.)

திருவண்ணாமலையில் என் மாமா லாட்ஜ் வைத்திருந்தார். பௌர்ணமிதோறும் அங்கே அன்னதானம். பணம் கட்டிய குடும்பங்களில் மறைந்தவர்களின் பெயர்களை மைக்கில் வாசித்துவிட்டுத்தான் இலை போடுவார்கள். ரூம் கிடைத்தவர்களைக் கூப்பிடுவதும் அதே மைக்தான். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தரச் சொன்னார். ஒழுங்காகச் செய்தால் அவருடைய சிநேகிதரின் சென்னைக் கம்பெனியில் எனக்கு வேலை.

ரூம் எடுக்கும் விருந்தினருக்கு ஒரு பட்டியல், மறைந்தவருக்கு ஒன்று. பெயர் சேர்க்கும் பகுதியை மட்டும் பொதுவாக, "ஆட்கள் பட்டியல்" எதைக் கொடுத்தாலும் நிரப்பும்படி எழுதினேன். விருந்தினர் பட்டியலைக் கொடுத்தேன். ஜாவா வாங்க மறுத்தது. விருந்தினரும் ஆள்தானே? ஆள்தான். ஆனால் ஆட்கள் பட்டியலில் எந்த ஆளும் நுழையலாம், விருந்தினர் பட்டியலில் விருந்தினர் மட்டும்தான் நுழையலாம் என்பது அதன் கட்சி. எனக்குக் கோபம் வந்தது. விருந்தினர் பட்டியலையே "ஆட்கள் பட்டியல்" என்று வலுக்கட்டாயமாக வகை மாற்றித் திணித்தேன். ஓர் எச்சரிக்கை வந்தது, அதையும் மூடினேன். என் நிரல் அன்று பதிவான எல்லோரையும், மறைந்தவர் என்றும் பார்க்காமல், விருந்தினர் பட்டியலில் வாரிப் போட்டது.

பௌர்ணமி சாயங்காலம், கூடம் நிறையக் கூட்டம். ரிசப்ஷன் பரிமளா அக்கா திரையைப் பார்த்து மைக்கில் வாசித்தார்.

"கீழ்பென்னாத்தூர் சுந்தரேசன். ரூம் ரெடி, வந்து சாவி வாங்கிக்கோங்க."

அன்னதானத்துக்குத் தனியாக வந்திருந்த ஓர் அம்மா எழுந்தார். "எங்க வீட்டுக்காரருங்க. போன தையில போய்ட்டாரு... வந்துட்டாராங்க?"

அக்கா அதற்குள் அடுத்த பெயரையும் வாசித்துவிட்டார். இன்னொரு குடும்பமே எழுந்து நின்றது. எல்லோரும் வாசலைத்தான் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். (நிரலை எழுதியவனே நான்தான்!)

"இன்னாடா பண்ணி வச்சிருக்க?" என்றார் மாமா.

சுந்தரேசனின் ரூம் எண்ணைத் தேடிப் பொத்தானை அழுத்தினேன். மறைந்தவரை விருந்தினராக மாற்ற முடியாது என்ற பிழைச் செய்தியோடு நிரல் நின்றுபோனது.

"ரெடின்னீங்களே, சாவி குடுங்க" என்று அந்த அம்மா கை நீட்டினார். மாமா ஒரு சாவியைக் கொடுத்தார். காலையில் அந்த ரூமுக்குப் போய்ப் பார்த்தால் அந்த அம்மா கிளம்பிவிட்டிருந்தார். இரண்டு கட்டிலிலும் ஆள் படுத்த கசங்கல்.

சென்னை வேலை போனது. என் கல்யாணத்திலிருந்து போன மாதக் காதுகுத்து வரை மாமாவுக்கு ஒரே வசனம்: "அழைப்பு லிஸ்டை இவன்கிட்ட குடுக்காதீங்க. அப்புறம் எத்தினி இலை போடறதுன்னு யாருக்குமே தெரியாது."

எல்லோரும் சிரிப்பார்கள். சிரித்து ஓய்ந்ததும் யாராவது ஒருவர் வாசலைத் திரும்பிப் பார்ப்பார்.