குனிந்தபடி இராமேஸ்வரம் பார்த்தவர்

ஊர் பார்க்கப் போகிறவர்களில் ஓர் இனம் உண்டு. கோபுரத்தடியில் அவர்களைக் கொண்டுபோய் நிறுத்துங்கள், கோபுரத்தின் நிழலில் ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பார்கள். கடற்கரையில் நிறுத்துங்கள், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலைக் கிளறுவார்கள். மற்றவர்கள் ஓர் ஊருக்குப் போய்விட்டு வருவார்கள். இவர்கள் ஓர் ஊரிலிருந்து எதையாவது எடுத்துக்கொண்டு வருவார்கள். ஊர் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். வாய் திறக்காது. பிஸ்கட் டப்பாதான் திறக்கும்.

திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது நிலக்கடலை மண்டி, வைத்திருந்த தாண்டவராயன் இந்த இனத்தில் முதல் தரம். களத்தில் காயும் மல்லாட்டையில் சொத்தை பொறுக்கிப் பொறுக்கி அவருடைய முதுகு ஒரு தினுசாக வளைந்திருந்தது என்பது உண்மைதான். அதற்காக மண்டி வைத்தவர்கள் எல்லாரும் இப்படியா ஆகிவிட்டார்கள்? திருவக்கரைக்குக் குடும்பத்தோடு போனார். வக்கிரகாளியம்மனைப் பார்க்க எல்லாரும் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டிருந்த நேரத்தில், இவர் பொட்டல் வெளியில் கல்லாய்ப் போன மரத்துண்டைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மன் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று இன்றைக்குக் கேட்டாலும் விழிப்பார். மயிலத்துக்குப் போகும் வழியில் கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. ஜனங்கள் காப்பி குடித்தார்கள். இவர் தார் ரோட்டில் ஒரு மாட்டு லாடத்தைக் கண்டெடுத்தார். எல்லாம் டப்பாவுக்குப் போயின. "சும்மாவா கெடைக்கும்? கண்ணு வேணும்!" என்பது அவர் எப்போதும் சொல்லும் வாக்கியம்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றில், மாசி மாதம், அவர் இராமேஸ்வரம் போனது கண்ணாடிக்காக. யாரோ சொல்லிவிட்டார்கள். கப்பல்காரர்கள் எறிகிற பாட்டில்கள் உடைந்து, உப்புத் தண்ணீரில் வருஷக்கணக்கில் உருண்டு, முனை மழுங்கி, பால் படிந்த மாதிரி ஆகிக் கரையில் ஒதுங்குமாம். பச்சைச் சில்லு ஏராளம். நீலம் அபூர்வம். அபூர்வம் என்ற சொல் காதில் விழுந்ததும் தாண்டவராயனுக்குத் தூக்கம் போய்விட்டது.

அவர் மனைவி கிருஷ்ணவேணி போனது வேறு காரியமாக. அவளுக்கு ஒரே அண்ணன், கண்ணையன். யுத்தம் முடிந்த கையோடு தனுஷ்கோடியில் கப்பலேறி இலங்கைக்குப் போனவன். கண்டியில் ஒரு கடையில் வேலை செய்தான். போன ஐப்பசியில் காய்ச்சல் கண்டு இறந்துவிட்டான் என்று, அங்கிருந்து வந்த ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. எடுத்ததும் தெரியாது, எரித்ததும் தெரியாது. அவன் கடைசியாகக் கால் வைத்த கரையைப் பார்க்க வேண்டும். அந்தத் தண்ணீரில் ஒரு பிடி பூவைப் போட வேண்டும். வேறு ஒன்றையும் அவள் கேட்கவில்லை.

பாம்பன் பாலத்தில் ரயில் ஊர்ந்தபோது பெட்டி முழுக்க ஜன்னலில் தொங்கியது. கீழே கடல், மேலே கடற்காற்று, நடுவே தீவை நோக்கி ஒரு ரயில். யாருக்குத்தான் பார்க்கத் தோன்றாது? தாண்டவராயன் பெஞ்சுக்கு அடியில் இருந்தார்.

"ஏங்க, கடலு வந்துடுச்சி, எழுந்து பாருங்க."

"இரு வேணி. கொழும்புத் தீப்பெட்டி ஒண்ணு கெடக்குது."

"பாலம் போய்க்கினே இருக்குதுங்க."

"பாலம் எங்கியும் போயிடாது. தீப்பெட்டிய எவனாவது எடுத்துடுவான்."

மறுநாள் காலையில் அக்னி தீர்த்தம். கடலில் முழுக்கு. முழுகியதும் நேராக ஸ்டேஷன். பாம்பன் போய் மாறினால் தனுஷ்கோடி. அன்றைக்கு விட்டால் விட்டதுதான், ராத்திரி ஊருக்குத் திரும்ப டிக்கெட் எடுத்தாயிற்று. கிருஷ்ணவேணி ஈரப் புடவையோடு, வாழையிலையில் கட்டிய சாமந்திப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"ஜல்தியா வாங்க. வண்டி நமக்காக நிக்காது."

"தோ வந்துட்டேன். நீ நடந்துகினே இரு."

நடந்துகொண்டே இருந்தாள். திரும்பிப் பார்த்தாள். அவர் எதிர்த்திசையில் குனிந்துகொண்டே போய்க்கொண்டிருந்தார். மடியில் பச்சைச் சில்லுகள் சேர்ந்துவிட்டன, பழுப்பு கொஞ்சம், வெள்ளை கொஞ்சம். அப்போதுதான் அது கண்ணில் பட்டது. நீலம்! வைத்தியசாலை மருந்துப் புட்டியின் அந்தக் கருநீலம், ஒரு சின்ன மணல் மேட்டின் உச்சியில் வெயில் பட்டு மினுங்கிக்கொண்டிருந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இரண்டே எட்டில் பாய்ந்து, கையை வைத்துக் கிளறி எடுத்தார். மேடு சரிந்தது.

"ஐயய்யோ! சாமிய இடிச்சிட்டான்யா இந்த ஆளு!"

அது மணல் மேடு அல்ல, மணல் லிங்கம். மரக்காணம் பக்கத்துக் கடலோரக் குப்பத்திலிருந்து வந்திருந்த கிளியம்மாள் காலையிலிருந்து உட்கார்ந்து பிடித்து வைத்தது. அவளுடைய புருஷன் வீரமுத்து முழுக்கை நடுவில் விட்டுவிட்டு, தலையில் தண்ணீர் சொட்டச் சொட்டக் கரையேறி வந்தான்.

"யோவ்! ஒனக்குக் கண்ணு தெரியல?"

"தெரிஞ்சதாலதாங்க வந்தேன்" என்றார் தாண்டவராயன். உண்மையைத்தான் சொன்னார். உண்மை சொல்லி அடி வாங்கத் தெரிந்தவர்கள் உலகத்தில் குறைவு.

வீரமுத்து ஓங்கிய கையைக் கிளியம்மாள்தான் பிடித்தாள். அவர் விரலிடுக்கில் இருந்த சில்லைப் பார்த்தாள். கோபம் பாதி சிரிப்பாகியது.

"இதுக்கா? உச்சியில வெக்கப் பூவு பத்தலன்னு நான்தான் மடியிலேர்ந்து எடுத்து இத்த வெச்சேன். எந்த ஊருய்யா நீ?"

"திண்டிவனம்."

"அட பாவி! எங்க கரையில கூடை கூடையா கெடக்குது. கால்ல குத்தாத கண்ணாடின்னு புள்ளைங்க வாரி வூடு கட்டி வெளயாடுதுங்க. மரக்காணத்துக்கு வண்டி கட்டிக்கினு வந்தா மத்தியானத்துக்குள்ள மூட்ட புடிச்சிக்கினு போயிருப்பியே! இதுக்காவா ரயிலேறி வந்து சாமிய ஒடச்ச?"

தாண்டவராயனுக்கு முகம் செத்துவிட்டது. சாமியை உடைத்தது கூடப் பெரிதில்லை. அபூர்வம் போய்விட்டதே!

"சரி, இடிச்சவன்தான் கட்டணும்" என்றாள் கிளியம்மாள். "கட்டிட்டு, கடலம்மா வந்து எடுத்துக்கினு போற வரிக்கும் பக்கத்திலியே குந்தணும். கையால கலைக்கப்படாது, வுட்டுட்டும் போவப்படாது. எங்க வழக்கம் அது."

"எங்களுக்கு வண்டி..." என்று ஆரம்பித்த தாண்டவராயன் அப்போதுதான் மனைவியைப் பார்த்தார். ஸ்டேஷன் பாதையிலிருந்து திரும்பி ஓடிவந்து மூச்சு வாங்க நின்றிருந்தாள். சத்தமில்லாமல் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பொட்டலத்தின் வாழையிலை அவள் பிடியில் கிழிந்திருந்தது.

"நீ எதுக்கும்மா அழுவுற?" என்றாள் கிளியம்மாள்.

கிருஷ்ணவேணி சொன்னாள். நாலே வார்த்தைதான். கிளியம்மாள் தன் புடவையைப் பிழிந்து உதறினாள்.

"எங்க வூட்டுக்காரர இங்க குந்த வெச்சிட்டு நானும் அந்த வண்டிக்குத்தான் போறதா இருந்தேன். இந்தக் கடல்ல கட்டுமரம் ஏறிப் போனவங்க எத்தினி பேருக்கு நாங்களும் பூப் போட்டிருக்கோம்! நீ எங்கூட வா. உன் வூட்டுக்காரரு இங்க குந்தட்டும். நாங்க திரும்பற வரிக்கும் கலைக்காம இருந்தாருன்னா அவரு மனுசன்."

அவர்கள் போய்விட்டார்கள். தாண்டவராயன் மணலைக் கூட்டி லிங்கத்தை மறுபடி பிடித்து வைத்துவிட்டுக் குந்தினார்.

அக்னி தீர்த்தத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கடல் என்று பெயர்தான். தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரி இருக்கும். அலை எழும்பிப் பார்த்தவர் கிடையாது. அந்தக் கடல் எழுந்து வந்து ஒரு லிங்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றால் அது கடலின் இஷ்டம். காலை வைத்து ஒரு தள்ளுத் தள்ளினால் காரியம் முடிந்தது. யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் அவருக்குச் சாமியிடம் பயம், கிளியம்மாளிடம் அதைவிடப் பயம். இடுப்பில் ஈர வேட்டி, எதிரே லிங்கம், முகத்தில் துக்கம். வந்த யாத்திரிகர்கள் வேறு என்ன நினைப்பார்கள்? ஓர் அம்மாள் வாழைப்பழம் வைத்துவிட்டு விழுந்து கும்பிட்டாள். ஒரு பெரியவர் குனிந்து, "சாமி எந்த மடம்?" என்றார்.

"மடம் இல்லீங்க, மண்டி."

"மௌனம் கலைஞ்சுட்டது, பாக்கியம்!" என்று அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அவரைக் குறை சொல்லாதீர்கள். லிங்கத்தை விட்டு அவர் நகரவே இல்லை. ஆனால் இடது கை மட்டும் தானாக மணலைத் துழாவி, மூன்று பச்சைச் சில்லைத் தேடி எடுத்து மடியில் போட்டுவிட்டது. கை செய்த பிழை.

பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர் மெல்ல ஏறி, லிங்கத்தின் அடியை நக்கி, அப்படியே தன்னோடு கரைத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் கிருஷ்ணவேணி வந்தாள். முகம் வெயிலில் கறுத்து, கண் கழுவிவிட்டது போலிருந்தது. அவளாகவே பேசினாள், அவள் அவ்வளவு பேசி அவர் கேட்டதே இல்லை.

"ஒரு பக்கம் கடலு பூனை மாதிரி படுத்துக்கினு கெடக்குது. இன்னொரு பக்கம் பேய் மாதிரி அடிக்குது. நடுவுல மணலு, இம்மாந்தான் அகலம். கப்பலு நின்னுகினு இருந்துது. அண்ணன் ஏறின மாதிரியே சனங்க மூட்ட தூக்கிக்கினு ஏறுறாங்க. பூவ போட்டேன். மொத தரம் அலை திருப்பிக் கொண்டாந்து காலண்ட வுட்டுடுச்சி. கிளியக்கா, 'இன்னொரு தரம் போடு, பேரச் சொல்லிப் போடு'ன்னாங்க. பேரச் சொல்லிப் போட்டேன். வாங்கிக்கினுது."

தாண்டவராயன் கேட்டுக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். ஏதோ சொல்ல வேண்டும் என்று அவருக்கும் இருந்தது. வாயில் வந்தது இதுதான்:

"அங்க சில்லு கெடந்துதா?"

"கெடந்துது."

"நீலம்?"

"நீலமும் கெடந்துது."

"எடுத்துக்கினு வரலியா?"

"கெடந்துதுன்னுதானே சொன்னேன்" என்றாள் கிருஷ்ணவேணி. அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவருக்கு உறைத்தது. ஸ்டேஷன் வரைக்கும் தலை குனியாமல் நடந்தார். இரண்டு தடவை கல் தடுக்கியது.

ஊர் திரும்பியதும் பக்கத்து மண்டி சவுரிராயன் வந்து, "தனுஷ்கோடி எப்படிங்க இருக்குது?" என்று கேட்டார். "ஒரு பக்கம் பூனை, ஒரு பக்கம் பேய்" என்று தாண்டவராயன் கையை விரித்துச் சொல்ல ஆரம்பித்தார். காப்பி கொண்டுவந்த கிருஷ்ணவேணி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனாள். பூனையையும் பேயையும் அவர் எடுத்துக்கொள்ளட்டும். பூவைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. அந்த மட்டும் அவருக்கும் தெரிந்திருந்தது.

சிரித்தீர்கள், சந்தோஷம். ஆனால் நாளைக்கு ஆபீசில் சொல்லிச் சிரிக்க ஏதாவது அகப்படுமா என்று வரி வரியாகத் துழாவிக்கொண்டே வந்தீர்களே, மண்டியையும் மடத்தையும் எடுத்து முடிந்துகொண்டீர்களே, அந்த அம்மாள் தண்ணீரில் சொன்ன பேர் என்ன? ஞாபகம் வரவில்லையா? எழுந்து நின்று வேட்டியை ஒரு தடவை உதறிப் பாருங்கள். கீழே என்ன விழுகிறது என்று நான் பார்க்க மாட்டேன்.