எக்ஸ்ரே அறையில் ஓடிய தறி

என் வீட்டுக்காரர் ஒரு பொய்யர். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தி முடிந்ததும் எழுந்து நின்று என்னைப் போல ஆடிக் காட்டுகிறார். அதனால் இதை எழுதுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டிலேயே தறி. மூத்தவன் குமார் அப்போதுதான் பேசப் பழகியிருந்தான். ஒருநாள் ஊக்கை விழுங்கிவிட்டான். நானும் வீட்டுக்காரரும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"மூடியிருந்தா தானா வந்துடும். திறந்திருந்தா குடலைக் கிழிச்சிடும். மெட்ராசுக்குக் கொண்டுபோய் வயித்த அறுக்கணும்," என்றார் டாக்டர். எது என்று எக்ஸ்ரே எடுத்தால்தான் தெரியும். பையன் துள்ளிய துள்ளலில் முதல் படம் வெறும் புகையாக வந்தது.

தூங்க வைக்கும் மருந்தை அளந்து ஊற்றினார்கள். வராந்தாவின் இரைச்சலில் என் தோளிலேயே தூங்கிவிட்டான். உள்ளே கொண்டுபோய்க் கதவைச் சாத்தியதும் விழித்துக் கத்தினான். மறுபடி வராந்தா, தூக்கம். மறுபடி கதவு, கத்தல்.

"இன்னும் கொஞ்சம் மருந்து குடுங்க சார்," என்றேன் டாக்டரிடம். (அதுவரை வெளி ஆண்களிடம் நிமிர்ந்து பேசாதவள் நான்.)

"இதுக்கு மேல குடுத்தா மூச்சு அடங்கிடும்மா. கடைசியா ஒரு தரம் பாப்போம். அவன் அப்பாவ வரச் சொல்லு, கால பிடிச்சுக்கட்டும்."

"இன்னாங்க! இன்னாங்க!" என்று ஆஸ்பத்திரியே அதிரக் கூப்பிட்டேன். (பெயர் சொல்லிக் கூப்பிடும் பழக்கம் அப்போது ஏது?) யார் யாருடைய புருஷனோ எட்டிப் பார்த்தார்கள். என்னுடையவரைக் காணோம்.

நானே தூக்கிப் போய்க் கிடத்தினேன். கதவு மூடியது. அறையில் ஈ பறக்கும் சத்தம்கூட இல்லை. பையனின் இமை துடித்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறந்ததிலிருந்து தறிக்குப் பக்கத்தில் தூளியில் தூங்கினவன். தறி நின்றால்தான் விழிப்பான்!

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தறி மிதிப்பது போலத் தரையை மிதித்தேன். தறியில் குறுக்கே ஓடும் நாடாவை வாயால் ஓட்டினேன். நூலை நெருக்கும் பலகைக்குப் பதில் இரும்பு ஸ்டூலில் கையால் அடித்தேன். "சர்ர்ர்... டக்! சர்ர்ர்... டக்!"

எக்ஸ்ரே எடுப்பவர் தடுப்புக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டினார். "இன்னாமா, சாமி வந்துடுச்சா?"

"தறி ஓட்டிக்கினு இருக்கேன்! நீ படத்த எடுய்யா!"

"மேசை ஆடுது, தள்ளி நின்னு ஓட்டுமா!"

தள்ளி நின்று ஓட்டினேன். பையன் அசையவில்லை. மூச்சு விடுகிறானா என்று அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டு மிதித்தேன். ஏறியது, இறங்கியது. படம் எடுத்து முடித்த பிறகும் மிதித்துக்கொண்டுதான் இருந்தேன். டாக்டர் வந்து அதட்டித்தான் நிறுத்தினார்.

ஊக்கு மூடியிருந்தது. வாழைப்பழமாகக் கொடுத்து வெளியே வரவைத்தோம்.

படத்தைக் கழுவிக் காட்டிய பிறகுதான் வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார்.

"சோடா வாங்கப் போயிருந்தேன்மா."

"எங்க சோடா?"

"கட மூடியிருக்குது."

அன்றிலிருந்து இன்றுவரை ஆடுகிறார். நாக்கை மடிப்பார், கட்டை விரலைத் தூக்குவார், கொண்டை இடது பக்கம் சரிந்து அவிழ்ந்ததைக்கூடத் துண்டை வைத்துக் காட்டுவார். சொந்தக்காரப் பிள்ளைகளுக்கு நான் 'டக்கு ஆயா'.

அடுத்த மாதம் குமாரின் மகளுக்குக் கல்யாணம். மைக் இருக்கும், சம்பந்தி வீட்டார் இருப்பார்கள். அந்த அறைக் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி இருந்தது. கொண்டை விஷயத்தை நான் யாரிடமும் சொன்னதே இல்லை. அதனால், ஐயா, ஆடுவதற்கு முன்னால் மைக்கைப் பிடித்து எல்லோருக்கும் கேட்கும்படி பதில் சொல்லுங்கள்: சோடா வாங்கப் போன மனுஷனுக்கு, கொண்டை எந்தப் பக்கம் அவிழ்ந்தது என்று எப்படித் தெரியும்?